மூன்றாவது எடை

"என் வீட்டுக்காரர் டிரெய்லர் மாட்டின பிக்கப்பை வேகமா ஓட்டினார்னு சொல்றாங்க சார். சைக்கிள்ல வந்த ஒருத்தர் செத்துப் போயிட்டார். இவர் ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்கார். கண்ணு முழிச்சா நேரா ஜெயில்தான்."

படியேறி வந்த மூச்சிரைப்போடு அந்தப் பெண் சொல்லி முடித்தாள். மச்சான் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் அக்காளின் கணவர், ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர், அசையவில்லை. எதையும் நிறுத்துப் பேசுவதால் தெருவில் அவருக்குத் 'தராசு' என்றே பெயர்.

"டிரெய்லர்ல என்னம்மா ஏத்தியிருந்தார்?"

"டைல்ஸ் பெட்டி. போலீஸ் எடை போட்டுப் பார்த்துட்டாங்க. அந்த பிக்கப் இழுக்கக்கூடிய எடைக்குள்ளதான் இருக்காம். அப்ப வேகம்தான் காரணம்னு வண்டி முதலாளி சாதிக்கிறார். ஆனா இவர் ஆமை சார். அன்னிக்குக் காலையிலதான் பின் டயர் ரெண்டும் புதுசா மாட்டினாங்க. தேஞ்சிடும்னு இன்னும் மெதுவா போற மனுஷன்."

காவல் நிலையத்தின் பின்புறம் பிக்கப் நின்றது. இறக்கத்தில் பாலச்சுவரில் மோதி முன்பக்கம் நொறுங்கியிருந்தது. கவிழ்ந்தது டிரெய்லர் மட்டும்தான். மச்சான் பின்தட்டில் தாவி ஏறினான்.

"அத்தான்! இடது பக்கம் மட்டும் புழுதியில்லாம சதுரமா ஒரு இடம்! ஏதோ இருந்திருக்கு!"

"என்னிக்கு இருந்ததோ, யாருக்குத் தெரியும்? கீழே வா."

தராசு சக்கரங்களுக்கு அருகே குந்தினார். வலது பின் டயரின் ஓரத்தில் புது ரப்பருக்கே உரிய மெல்லிய முடிகள் அப்படியே நின்றன. இடது டயரில் அவை சுற்றிலும் மழிக்கப்பட்டிருந்தன. மேலே மட்கார்டின் உட்புறத்தில் கறுப்பாக ரப்பர் அப்பியிருந்தது.

அன்று மாலை இன்ஸ்பெக்டரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டிரெய்லர் எடை சரி. பிக்கப் பின்னாடி காலி. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"வண்டிக்கு மூணு கணக்கு உண்டு," என்றார் தராசு. "சுமக்கிற எடை, இழுக்கிற எடை, ரெண்டும் வண்டியும் சேர்ந்த மொத்த எடை. மூணாவதைத்தான் யாரும் பார்க்கிறதில்லை. முழு அளவுக்கு இழுக்கணும்னா முதுகு கிட்டத்தட்ட காலியா இருக்கணும். ரெண்டையும் ஏத்தினா இறக்கத்துல பிரேக் பிடிக்காது. உங்க வண்டி முதுகுல பாரம் இருந்தது. இடது டயர் மட்கார்டுல உரசியிருக்கு."

"பழைய உரசலா இருக்கும்."

"டயர் அன்னிக்குக் காலையில மாட்டினது."

"மோதினப்ப உரசியிருக்கும்."

"அப்படின்னா ஒரு இடத்துலதான் தேயும். இது சுத்திலும் தேஞ்சிருக்கு. ஓடும்போது உரசினது."

முதலாளியின் குரல் உயர்ந்தது. "டிரெய்லர் கொக்கியே வண்டியை அமுக்குமே! அது உங்களுக்குத் தெரியாதா?"

"கொக்கி நடுவுல இருக்குங்க. அது அமுக்கினா ரெண்டு டயரும் உரசணும்."

இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்தார். "விபத்து நடந்த இடத்துக்கு எங்களுக்கு முன்னாடியே நீங்க கிரேனோட வந்துட்டீங்க. டிரெய்லரைத் தூக்கவே இல்லையே. வேற எதைத் தூக்கினீங்க?"

முதலாளியின் தோள்கள் சரிந்தன. "ஜெனரேட்டர்," என்றார். "டிரைவர் ரெண்டு நடையா போறேன்னுதான் சொன்னான். ஒரே நடையில முடின்னு நான்தான் விரட்டினேன்."

மச்சான் வெற்றிப் புன்னகையோடு அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப என் வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்கு," என்றாள் அவள். "தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போயிருக்கார். இல்லையா சார்?"

மழுப்பலாக ஏதாவது சொல்லிவிடமாட்டாரா என்று மச்சான் அத்தானைப் பார்த்தான்.

"ஆமாம்மா. வேகமா ஓட்டலை. ஆனா வண்டியைக் கிளப்பினது அவர்தான்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவர் முழிக்கட்டும், நானே கேட்டுக்கிறேன். அப்புறம் அந்த சைக்கிள்காரர் வீட்டுக்கும் போகணும். வீடு எங்கேன்னு மட்டும் யாராவது சொல்லுங்க."