அம்மன் கையில் ஏறிய காப்பு

காப்பைக் கழற்றியது மாமியார்தான். அதுவும் ஆசை ஆசையாக.

மேலக்கரையில் அன்று வடிவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். சந்தனமும் குங்குமமும் பூசி, கூடத்தில் இருபது பெண்கள் சூழ உட்கார வைத்திருந்தார்கள். மாமியார் நல்லம்மாள் மருமகளின் இடது மணிக்கட்டில் தேங்காய் எண்ணெயைத் தடவி, பச்சைக் காப்பை உருவி எடுத்துவிட்டாள்.

"அத்தை, அது அரசாங்கக் காப்பு!"

"தெரியும்ட்டி. இதுவும் அரசாங்கக் காப்புதான். நம்ம பேச்சி போட்டிருந்தது. என் மக பெத்த புள்ளையப் பாத்தியா, குத்துக்கல்லு மாதிரி! ராசியான காப்புட்டி இது. கைய நீட்டு."

பேச்சியின் பழைய காப்பு வடிவின் கையில் ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

கர்ப்பம் உறுதியானால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு காப்பு என்பது அந்த நாளில் சட்டம். பார்க்கக் கண்ணாடி வளையல். உள்ளே மயிரிழைக் குழாய்கள். பிள்ளை பிறந்து பால்குடி மறக்கும்வரைக்கும் அதிலிருந்து தினமும் மருந்து தோல்வழியே உடம்பில் இறங்கும். முக்கால்வாசிப் பேருக்கு அது வெறும் இரும்புச்சத்து. எச்.ஐ.வி. உள்ளவளுக்கு மட்டும் அந்தக் கிருமியை அடக்குகிற மருந்து. அது விடாமல் இறங்கினால் பிள்ளைக்குத் தொற்றாது என்றே சொல்லலாம். நின்றுபோனால் பிள்ளையின் தலையெழுத்து.

அதற்கு முன்னால் மாத்திரைதான். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து விழுங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி மோப்பம் பிடித்தாள். ஊர் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் மாத்திரையையே விட்டார்கள். அதனால்தான் அறிஞர்கள் கூடி, எல்லாருக்கும் ஒரே வளையல் என்று முடிவு செய்தார்கள். எண் கிடையாது, அடையாளம் கிடையாது. சுகாதார நிலையத்தில் 'சொல்லறை' என்று ஒரு சின்ன அறை. உள்ளே போனால் இயந்திரம் ரத்தத்தைச் சோதித்து, உனக்கேற்ற காப்பை மாட்டி, உன் நோயை உன் காதில் ஒரே ஒரு தரம் சொல்லும். சொன்னதும் தானே அழித்துவிடும். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பொருள் கைக்கு வந்தால் போதும், உடனே அதற்கு ராசி பார்த்துவிடுவார்கள். நல்ல பிள்ளை பெற்றவளின் காப்பை அடுத்தவள் வாங்கிப் போட்டுக்கொள்வது, தன்னுடையதை இசக்கியம்மனுக்குச் சாத்திவிடுவது என்று வழக்கம் கிளம்பியது. போகட்டும், இரும்புச்சத்துதானே என்று டாக்டர்களும் கண்டுகொள்ளவில்லை.

பேச்சி போட்டு முடித்த காப்பில் இப்போது அந்த இரும்புச்சத்துகூடக் கிடையாது. வெறும் கண்ணாடி.

"என் காப்பக் குடுங்க அத்தை" என்று சொல்ல வடிவு வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பார்களே? சத்துக்காக எவளாவது இப்படித் தவிப்பாளா? நோய் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளைக் கட்டிய அந்த மகராசன் வெளியே பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆண்களுக்குச் சோதனையும் கிடையாது, காப்பும் கிடையாது. விஷயம் வெளியே வந்தால் நடத்தை கெட்டவள் என்ற பெயர் அவளுக்குத்தான். எடுத்த வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய காப்பு அன்றைக்கே அம்மனுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் முதல் ஆளாகச் சொல்லறைக்குள் போய் நின்றாள்.

"உங்கள் கையில் காப்பு இருக்கிறது" என்றது இயந்திரம். "ஒரு கர்ப்பத்துக்கு ஒரு காப்பு; உங்களுக்குத் தந்தாயிற்று. உங்கள் நோய் விவரம் எங்களிடம் இல்லை. உங்கள் மானம் கருதி அழிக்கப்பட்டது. மறுசோதனை வேண்டுமென்றால் வெளியே ஊழியரிடம் காரணம் சொல்லுங்கள்."

வெளியே மேசையில் உட்கார்ந்திருந்தவள் மணிமேகலை, புருஷனின் சித்தப்பா மகள். அவளுக்கு முன்னால் அதற்குள் ஊரே வரிசை கட்டி நின்றது.

"என்ன மைனி, முகமே சரியில்ல? என்ன வேணும்?"

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்லட்டி. லேசாத் தலைசுத்து."

"புள்ளத்தாச்சிக்கு அது இல்லாமயா? மோர் குடிங்க, சரியாப்போவும்."

வெயில் ஏறும்போது வடிவு இசக்கியம்மன் கோவிலில் நின்றாள். அம்மனின் எட்டுக் கைகளிலும் முழங்கை வரைக்கும் பச்சைக் காப்பு. இடம் போதாமல் சூலத்திலும் கோத்திருந்தார்கள். அதிலும் கொள்ளாதது பீடத்தில் குவிந்து கிடந்தது. பாதியில் கழற்றியதில் மருந்து உள்ளே கெடாமல் இருக்கும், அது வடிவுக்குத் தெரியும். ஆனால் எந்தக் காப்பில்? ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். இன்னொன்றைக் காதருகே வைத்து ஆட்டினாள். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அப்படித்தானே செய்திருந்தார்கள்! 'பாவி நான், வாயத் திறந்திருக்கலாமே' என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பீடத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி குந்தியிருப்பதைக் கண்டாள். வெளியூர்க்காரி. அவளுக்கும் வயிறு மேடிட்டிருந்தது. அவளும் ஒவ்வொரு காப்பாக எடுத்துக் காதருகே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வடிவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளுக்கும்தான். இரண்டு பேராகப் போய் அந்த மேசைமுன் நின்றால் மணிமேகலை என்ன, ஊரே கேட்டால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது.

அந்தப் பெண் மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "வீட்டுல தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

"எது?" என்றாள் வடிவு.

பழகிப்போன வாய். கேட்டதும் அதுவாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மாறியது. "ஒண்ணுமில்லக்கா. அம்மனுக்கு நேர்ச்ச இருந்துச்சு, அதான் வந்தேன்" என்றாள். முந்தானை நிறையக் காப்புகளை அள்ளி முடிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏ புள்ள, நில்லு" என்று வடிவு கூப்பிட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வடிவு பேச்சியின் காப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிச்சம் கிடந்தவற்றில் ஏதோ ஒன்றை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.