பித்தளைத் தகட்டுக்கு ஒரு வரி

காலையில் எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். தொட்டி நிரம்பும் சத்தம் மாறியதும் அணைத்தான். பாலைக் காய்ச்சி இறக்கினான். மாமியாரின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டான். பக்கவாதம் வந்து போனதிலிருந்து மாமியாரின் இடது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதனால் அவனே மாத்திரையை எடுத்துக் கொடுத்தான், தம்ளரைப் பிடித்துக்கொண்டான், ஈரத்துணியால் கால்களைத் துடைத்துச் செருப்பை மாட்டிவிட்டான். பிறகு தன் சட்டையைத் தேய்த்துக்கொண்டான்.

ஒரு வருடமாக இதே வரிசைதான். அவன் எதையும் யோசிப்பதில்லை. கை அதுபாட்டுக்குச் செய்யும்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. அன்று லீவு சொல்லியிருந்தான். வீட்டுக்கு ஆள் வருகிறது.

கூடத்தில் மச்சான் பதக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் மனைவியின் அண்ணன். அந்தப் பதக்கத்தைத் துடைக்கக் கூடாது, மெருகு போய்விடும் என்று கொடுத்தவர்களே சொல்லியிருந்தார்கள். மச்சான் கேட்கவில்லை. தினமும் துடைத்தார்.

அவன் மனைவி ராணுவத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டினாள். முகாமில் குண்டு விழுந்து தீப்பிடித்தபோது, காயம்பட்டவர்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்து வந்தாள். கடைசி ஆளுக்காக உள்ளே போனவள் திரும்பவில்லை. நாட்டிலேயே பெரிய வீரப் பதக்கத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். இந்த மாநிலத்தில் அதை வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தலைநகரில் அவர்களுக்கென்று ஒரு மண்டபம் இருக்கிறது. சுவரில் வரிசையாகப் படங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பித்தளைத் தகடு. தகட்டில் பெயர், பதவி, அதற்கும் கீழே அந்த வீரர் கடைசியாகப் பேசிய பேச்சு ஒரே வரியில். அது அந்த மண்டபத்து வழக்கம். அவளுடைய வரியை எழுதிக்கொள்ளத்தான் ஆள் வருகிறது.

"அந்தச் சுவர் முழுக்க மீசைதான் மாப்ள. மீசை இல்லாத முதல் படம் நம்ம வீட்டுப் படம்" என்றார் மச்சான். "அதனால வரி கம்பீரமா இருக்கணும். நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். 'என் உயிர் போனாலும் என் மண் போகாது.' எப்படி?"

"அவ அப்படிப் பேச மாட்டா மச்சான்."

"அவ வந்து இல்லைன்னு சொல்லப் போறாளா? நீ சும்மா இரு."

மாமியார் நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். "எதுக்குடா புதுசா ஒண்ணு? அவ சொன்னதுதான் இருக்கே. 'அம்மாவைப் பாத்துக்கோ.' அதையே போடச் சொல்லு."

அவன் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றினான். மறுபடி அவிழ்த்துச் சுற்றினான்.

அது அவள் சொன்னது இல்லை. அவன் சொன்னது.

கல்யாணம் பிடிக்காமல் மாமியார் மகளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். மகளும் பிறந்த வீட்டுப் படியேறவில்லை. செய்தி வந்த அன்று மாமியார் அவர்களுடைய வாடகை வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உன்கிட்டதானே கடைசியா பேசினா? என்ன சொன்னா? என்னைப் பத்தி எதாவது..." என்று கேட்டார். அந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகு செய்துதானே ஆக வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்தான். வெளியூர்க் கிளைக்கு மேனேஜராகப் போகச் சொன்னார்கள்; வேண்டாம் என்றான். பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தான்.

வீட்டுக்குள் ஒரு பொய் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பித்தளையில் ஏறிவிட்டால் அவள் முகத்துக்குக் கீழே காலத்துக்கும் நிற்கும். அவள் சொல்லாததைச் சொன்னதாக ஊரே படிக்கும். உண்மையைச் சொன்னால் மாமியாருக்கு இருக்கிற ஒரே பிடியும் போய்விடும். இரவெல்லாம் இதைப் புரட்டிப் பார்த்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றாகத்தான் இருந்தது.

மண்டபத்திலிருந்து வந்தவர் நடுவயதுப் பெண்மணி. குனிந்து எழுதத் தொடங்கியதும் அவருடைய மூக்குக் கண்ணாடி நழுவியது. ஏற்றிவிட்டார். மறுபடி நழுவியது. அவன் கையை நீட்டினான். அவரும் கழற்றிக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகாணியை முடுக்கத் தொடங்கினான்.

"கடைசியா பேசினது நீங்கதானே சார்? உங்க வாயால வந்தா போதும்" என்றார் பெண்மணி.

"அவன் என்ன சொல்றது? நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார் மச்சான்.

"நான் சொன்னதைப் போடு" என்றார் மாமியார்.

"அம்மா, உனக்கு எத்தனை தடவை சொல்றது? என் தங்கச்சி இந்த வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. அவ உன்னைப் பாத்துக்கச் சொன்னாளாம். நம்பற மாதிரியா இருக்கு?" மச்சானின் குரல் ஏறியது. "சொந்தமா ஒரு ஓட்டுவீடு கிடையாது. பதக்கம் வந்ததும் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டான். உக்காந்து சாப்பிட ஒரு வீடு, ஊர்ல ஒரு மரியாதை... அதுக்குத்தான் இந்தக் கதை. அவ சவப்பெட்டி வந்து இறங்கினப்ப இவன் கண்ணுல ஒரு சொட்டு வந்துச்சா? பாத்தியா நீ? கல்லு மாதிரி நின்னான். இப்பவும் பாரு, திருகாணி முடுக்கிட்டு இருக்கான். ஏதாவது பேசித் தொலையேன்டா..."

அவன் கண்ணாடியை மேசையில் வைத்தான்.

"அவ அப்படிச் சொல்லல" என்றான்.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"நானா சொன்னதுதான். தகட்டுல அது வேண்டாம்."

"கேட்டியாம்மா?" மச்சானுக்கு மூச்சு வாங்கியது. "அவன் வாயாலயே வந்துடுச்சு. ஒரு வருஷம் நம்மளை நல்லா ஏமாத்திட்டான். எடு பெட்டியை. இன்னிக்கே கிளம்பு. மண்டபத்துல படத் திறப்பு விழாப் பக்கமும் வந்துடாத."

அவன் அறைக்குப் போகத் திரும்பினான். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதிகம் சாமான் இல்லை.

"நில்லுப்பா" என்றார் மாமியார். "எனக்குத் தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"அவ சொல்லலைன்னு தெரியும். அன்னிக்கு வாசல்ல நிக்கும்போதே தெரியும்." மாமியார் மகனைப் பார்க்காமல் பேசினார். "ஆஸ்பத்திரியில நர்சா இருந்த நான், எல்லா நர்சுக்கும் மேல மேட்ரன் ஆனேன். அன்னியிலிருந்து அவ என்னை அம்மான்னு கூப்பிட்டதே இல்ல. மேட்ரன். ஜுரத்துல பினாத்தினாலும் மேட்ரன். கோவம் வந்தா, பெரிய மேட்ரன். அவளுக்கு அந்த அம்மாங்கற வார்த்தையே வாயில வராது. நீ வந்து 'அம்மாவைப் பாத்துக்கோ'ங்கற. சொன்ன உடனே தெரிஞ்சுபோச்சு, இது அவ பேச்சு இல்லன்னு."

அவனுக்கும் அந்தப் பெயர் தெரியும். அவள் வாயில் தினமும் கேட்ட பெயர்தான். அதுவே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட அவனுக்கு உறைக்கவில்லை.

"அந்த நேரத்துல மேட்ரன்னு எப்படிச் சொல்றது அத்தை... மரியாதையா இருக்கட்டும்னு..."

"அதுலதான் மாட்டிக்கிட்ட."

"தெரிஞ்சுமா இவனை வீட்டுக்குள்ள வெச்சிருந்த?" என்றார் மச்சான்.

"ஆமா. அவ சொல்லி இவன் பாத்துக்கிட்டிருந்தா அது அவளுக்காகச் செய்யற வேலை. யாரும் சொல்லாம பாக்கறான்டா. ஒரு வருஷமா. நீ பதக்கத்தைத் துடைக்கற. என் காலைத் துடைக்கறது யாரு?"

பதக்கத்தைத் துடைத்த துணி இன்னும் மச்சானின் கையில் இருந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். பெரிய உடம்பு. நாற்காலி ஆடியது.

"அப்புறம் எதுக்கு அதையே தகட்டுல போடச் சொன்னீங்க அத்தை?"

"பொய்யா இருந்தாலும், அது ஒண்ணுதானப்பா என்கிட்ட இருந்துச்சு."

மாமியார் வலது கையை நீட்டினார். அவன் கிட்டே போனதும் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். நோயாளியை அசைத்துப் பழகிய கை. பிடி இன்னும் தளரவில்லை. அவன் தரையில் உட்கார்ந்தான். மாமியார் அவன் தலையைத் தன் முழங்காலோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அழுகை வரும் என்று நினைத்தான். வரவில்லை. சேலையில் தைல வாசனை அடித்தது.

"பெட்டியெல்லாம் எங்கயும் போகாது" என்றார் மாமியார், மகனுக்குக் கேட்கும்படி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்னைப் பத்திக் கேட்டாளா?"

"இல்ல அத்தை."

"ம்." அவன் முடியைக் கையால் ஒதுக்கிவிட்டார். "கேக்க மாட்டா. கொழுப்பு. என்கிட்ட இருந்து போனதுதானே."

பிறகு, "அப்போ என்னதான் சொன்னா?" என்று கேட்டார்.

"அது தகட்டுல போடற மாதிரி இருக்காது."

"தகடு கிடக்கட்டும். எனக்குச் சொல்லு."

பெண்மணி பேனாவை மூடவில்லை. மச்சான் துணியை முகத்திலிருந்து எடுத்தார்.

அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

"நான் கடையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். சாப்பிட்டுக்கிட்டேதான் போன்ல பேசினேன். அவ ஏதோ சொல்லிட்டு வந்தவ, நடுவுல நிறுத்திட்டா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்புறம் சொன்னா, 'வாயை மூடிக்கிட்டு மெல்லுடா, காதுக்குள்ள மாடு அசைபோடற மாதிரி இருக்கு. வை, அப்புறம் கூப்பிடறேன்.'"