இரண்டு இழுப்பு

மரம் ஏறுகிறவர் என் மச்சான் சவரிராஜ். கீழே நின்று கயிறு பிடிப்பவன் நான், பிலிப். அவர் தங்கை ஜாய்ஸைக் கட்டிய நாளிலிருந்து பதினோரு வருடமாக இதுதான் ஏற்பாடு. ஆரணியைச் சுற்றி யார் வீட்டில் கிளை கழிக்க வேண்டுமென்றாலும் எங்களுக்குத்தான் போன் வரும். எனக்கு உயரம் ஆகாது. ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டுவதைக்கூட ஜாய்ஸ்தான் செய்வாள். ஆனால் கயிறு பிடிப்பதில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தப் புதன்கிழமை வரை.

சேவூரில் அருணகிரி என்கிற பட்டு நெசவாளர் வீடு. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குப் போய் இறங்கினோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு நாவல் மரம். அதன் பெரிய கிளை ஒன்று தறி போட்டிருந்த அறையின் சிமெண்ட் ஷீட் மேல் சாய்ந்து கிடந்தது. ஆனி மாதம், பழம் கொட்டிக்கொண்டிருந்தது. நாவல் கறை பட்டில் விழுந்தால் போகாது, அதனால்தான் கழிக்கச் சொல்கிறோம் என்றார் அருணகிரியின் மனைவி கலையரசி. எங்களுக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்று அவர் கேட்டார்.

"முடியலன்னா நாளைக்கு வந்து முடிச்சிடறோங்க," என்றார் மச்சான்.

"வேணாங்க. ஒரே நாள்ல முடிச்சி, வெட்டினதையும் இன்னிக்கே எடுத்துகினு போயிடுங்க."

அதையே அவர் மூன்று முறை சொன்னார். வீட்டைச் சீக்கிரம் பெருக்கிவிட வேண்டும் என்ற அவசரம் என்று எடுத்துக்கொண்டேன். எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

பக்கத்து வீட்டில் ஆறு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தடதடப்பில் மேலிருந்து கத்தினால் கீழே கேட்காது. அதனால் இந்தப் பக்கம் வேலை என்றால் நாங்கள் கயிற்றால்தான் பேசிக்கொள்வோம். வெட்டும் கிளையைக் கட்டி, மேலே கிளை பிரியும் ஒரு கவையில் போட்டு இறக்கும் கயிறு அது. ஒருமுனை என் கையில் இருக்கும். அவர் ஒருமுறை இழுத்தால் நான் விட வேண்டும். இரண்டு முறை இழுத்தால் பிடிக்க வேண்டும். வேறு பாஷை கிடையாது. யோசிக்கவும் கூடாது. கையில் இழுப்பு வந்தால் கை செய்துவிட வேண்டும்.

மதியத்துக்குள் சின்னக் கிளைகள் பதினாறு இறங்கிவிட்டன. மச்சான் இறங்கி வந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். நான் கயிற்று முனையை உள்ளங்கையில் சுற்றியபடி எதிரில் உட்கார்ந்தேன்.

கயிறு இரண்டு முறை இழுபட்டது.

எப்போதும் போல் கை தானாக இறுக்கிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மச்சான் என் எதிரில் உட்கார்ந்து ஊறுகாயை நக்கிக்கொண்டிருப்பது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். மரத்தில் ஒரு இலை அசையவில்லை. அடுப்புச் சாம்பல் மாதிரி ஒரு வாசனை மட்டும் மேலிருந்து இறங்கி வந்தது. அந்த வீட்டில் கேஸ் அடுப்புதான் இருந்தது.

"மச்சான், மேல யாரோ கயித்த இழுத்தாங்க."

"அணில் ஓடியிருக்கும். சாப்ட்டு ஜல்தியா எழுந்திரு."

அணில் இரண்டு முறை எண்ணி இழுக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். 

மூன்று மணிக்குப் பெரிய கிளையில் கை வைத்தார். அடிப்பக்கம் மோட்டார் ரம்பத்தால் பாதி அறுத்திருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நாவல் மரம் நனைந்தால் வழுக்கும். கிளையைத் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு இறங்கினார். வெட்டிய கிளைகளைத் தரையில் குவித்துவிட்டுக் கிளம்பினோம். கலையரசி அக்கா கதவருகில் நின்று அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். 

மறுநாள் காலை போனபோது தரையில் குவியல் இல்லை.

கிளைகள் மரத்தில் இருந்தன.

பதினாறும். எது எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. இலைகள் பச்சைப் பசேலென்று இருந்தன. ஒரு இரவு தரையில் கிடந்த நாவல் இலை எப்படி வாடும் என்று எனக்குத் தெரியும். இவை வாடவில்லை. 

"எவனோ வேலையத்தவன் பண்ண வேல," என்று சொல்லிக்கொண்டே மச்சான் ஏறினார். முதல் கிளையருகில் போனதும் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு விரலால் எதையோ பிடித்து இழுத்தார்.

கிளை என் காலடியில் வந்து விழுந்தது.

விழும்போதே இலைகள் கறுத்துச் சுருண்டுவிட்டன. குனிந்து தொட்டேன். அப்பளம் போல நொறுங்கியது. வெட்டுவாயில் சாம்பல் பூசியிருந்தது. மச்சான் இறங்கி வந்து கையைத் திறந்து காட்டினார். அரக்கு நிறத்தில் ஒரு பட்டு இழை, ஒரு சாண் நீளம்.

"இதுதான் வெளிய தொங்கிகினு இருந்தது. இழுத்தேன், மொத்தமா பிரிஞ்சி போச்சி," என்றார். அவர் குரலில் நேற்றைய தைரியம் இல்லை.

கலையரசி அக்கா பின்னால் வந்து நின்றிருந்தார். அந்த இழையைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க நாத்தனாருது," என்றார் மெதுவாக. "ஆதிலட்சுமின்னு பேரு. இந்தத் தெருவுக்கே அவங்கதான் பாவு பிணைப்பாங்க."

சேலையில் நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழையதன் நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்டு விரலால் முறுக்கி ஒன்றாக்குவார்கள். நாலாயிரம் இழை இருந்தால் நாலாயிரம் முறுக்கு.

"அறுந்த இழைய பிணைக்காம எழுந்திருக்கக் கூடாதுன்றது எங்க வழக்கங்க. மூணு வருஷம் முன்ன இந்த மரத்தடியில பிணைச்சிகினு இருக்கும்போது மார் வலிக்குதுன்னாங்க. எழுந்திருங்கன்னு கெஞ்சினேன். இன்னும் பாதி கீதேன்னாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க. விரல்ல இருந்து இழைய பிரிக்க முடியல. கத்தரியால அறுத்துட்டுதான் தூக்கினோம்."

அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார்.

"அதுலேர்ந்து இங்க எத அறுத்தாலும் அறுந்து நிக்கறதில்ல. பொழுதோட வெளிய எடுத்துகினு போயிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சோம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "இத நேத்தே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன். மச்சானின் கையைப் பிடித்தேன். "போயிடலாம் வாங்க. இந்த வேலயே வேணாம்."

அவர் பெரிய கிளையைப் பார்த்தார். நேற்று அறுத்த பாதி அப்படியே வாய் பிளந்திருந்தது. அதை மட்டும் யாரும் பிணைக்கவில்லை. முழுதாக அறுபடாததால் ஆதிலட்சுமி விட்டுவிட்டாளோ என்னவோ.

"பாதி அறுத்த கிளைய விட்டுட்டு எப்படி மாப்ள போறது? கீழ அந்த ஆளு உக்காந்து நெய்யறாரு. காத்தடிச்சா தலமேல வுழும். இது ஒண்ண இறக்கிட்டு ஓடிடலாம்."

வேலையில் அவர் அப்படித்தான். எத்தனையோ இடத்தில் அந்தக் குணத்தை நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்று அதை மனதாரத் திட்டினேன். அருணகிரியைத் தறியிலிருந்து எழுப்பித் தெருவுக்கு அனுப்பினோம். மச்சான் கழுத்துச் சிலுவையை முத்தமிட்டுவிட்டு ஏறினார். இடுப்பு பெல்ட்டைக் கயிற்றால் தண்டோடு கட்டிக்கொண்டார். கிளையைக் கட்டிய கயிறு என் கையில். எப்படியும் பத்து நிமிட வேலை.

ரம்பம் உறுமத் தொடங்கியது. மரத்தூள் என் முகத்தில் கொட்டியது. இலை மறைவில் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. கிளை முறியும்போது நான் கயிற்றை விட வேண்டும். விட்டால் அது அவரை விட்டு விலகிக் கீழே இறங்கும். பிடித்தால் திரும்ப அவர் மேலேயே ஆடும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

மரத்தூள் வாசனை மாறியது.

சாம்பல்.

கிளை முறிய ஆரம்பித்தது. விடுவதற்காக விரல்களைத் தளர்த்தினேன். கயிறு இரண்டு முறை இழுபட்டது.

நான் பிடித்தேன்.

அவருடைய இரண்டு கையும் ரம்பத்தில் இருந்திருக்கும். அவரால் எப்படி இழுத்திருக்க முடியும் என்று நான் யோசிக்கவில்லை. பதினோரு வருடம் பழகிய கை யோசிக்காது. அறுபட்ட கிளை திரும்ப ஆடி அவர் மார்பில் மோதியது. ரம்பம் எகிறி அவர் இடுப்புக் கயிற்றை அறுத்தது. அடுத்த நொடி அவர் என் முன்னால் தரையில் கிடந்தார்.

தலை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

மூக்கருகில் கை வைத்தேன். மூச்சு இல்லை. கண் திறந்திருந்தது. அதில் மரத்தூள் விழுந்திருந்தது, அவர் இமைக்கவில்லை. இதை என் கண்ணால் பார்த்தேன். யார் என்ன சொன்னாலும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். என் கைதான் அவரைக் கொன்றது.

ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன். அருணகிரியும் நானும் ஆட்டோவோடு திரும்ப ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

மச்சான் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, பேயடிச்ச மாதிரி நிக்கற? கால் வழுக்கிடுச்சி, அவ்ளோதான்."

எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகுதான் மேலே பார்த்தேன். பெரிய கிளை பழையபடி சிமெண்ட் ஷீட் மேல் சாய்ந்திருந்தது.

கலையரசி அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார்.

"நான் பார்க்கல," என்று கிசுகிசுத்தார். "பார்த்தா அவங்களுக்குப் புடிக்காது." என் சட்டையைப் பிடித்து அருகில் இழுத்தார். "கழுத்துப் பின்னால பாருங்க. நுனி வெளிய நிக்கும். இழுக்காதீங்க. யாரையும் இழுக்க வுடாதீங்க."

மச்சானைத் தூக்கிவிடும் சாக்கில் அவர் காலரை விலக்கினேன். கழுத்தைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு. பிடரியில், முடி முடியும் இடத்தில், கடுகளவு அரக்கு நிறம்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. மச்சானுக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகச் சாப்பிடுகிறார், சிரிக்கிறார், மரம் ஏறலாம் வா என்று என்னைப் பேஜார் பண்ணுகிறார். நான்தான் கை வலி என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சலூனுக்குப் போனால் கூடவே போய் நின்று, பின்கழுத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொல்கிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். யாரிடம் சொல்வது? ஜாய்ஸிடம் சொல்ல நாலு முறை வாயெடுத்தேன். உன் அண்ணனை நான் கொன்றேன் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அதனால் சொல்லவில்லை.

அந்த இழை வளர்ந்துகொண்டே இருக்கிறது. முதலில் கடுகளவு. பிறகு அரிசி நீளம். போன வாரம் காலருக்கு வெளியே வந்துவிட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கிளம்ப மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஜாய்ஸின் குரல் கேட்டது.

"அண்ணா, கொஞ்சம் அப்படியே நில்லு. காலர்ல நூல் தொங்கிகினு கீது."

என் வெறும் உள்ளங்கையில் யாரோ இரண்டு முறை இழுத்தார்கள்.

ஓடினேன். எங்கே இடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. ஜாய்ஸின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் விரல்களுக்கு நடுவில் அரக்கு நிற இழை விறைப்பாக நின்றது. அவள் விரல் நுனியில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"விடு ஜாய்ஸ். மெதுவா விடு," என்றேன்.

அவள் விடவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இன்னா சண்ட ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் தலையைத் திருப்பினார்.