ஆய்வு நாளில் உயர்ந்த கைகள்

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் பாடம் தொடங்கும்முன் பிள்ளைகளின் மூச்சுக்குப்பிகளைச் சோதிக்க வேண்டும். நப்பின்னை வரிசையாக ஒவ்வொரு மூடியையும் திருகிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள். முதல் முறை சரியாகப் பார்த்தோமா என்ற ஐயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

விடியலில் கழிவுநீர்த் தொட்டிகளில் வேலை. அதன்பின் இந்தப் பயிற்சி வகுப்பு. இன்றைய ஆய்வில் தேறினால் ஆசிரியை. தவறினால் நாள் முழுக்கத் தொட்டிதான். தூக்கம் வேறு கண்ணைக் கட்டியது.

"கால் நடுங்குது" என்றாள் மெல்ல.

"எனக்குக் கால் இருந்தா எனக்கும் நடுங்கும். கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றது துணைக்குரல்.

பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் காதெலும்பில் பதிக்கப்படும் வழிகாட்டி அது. பூமியில் பல தலைமுறை ஆசிரியர்கள் வகுப்பறையில் பேசியதையும் செய்ததையும் கற்றுத் தேர்ந்தது. அவளை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. தொடக்கத்தில் அவள் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தானே சொல்லிவிடுவாள். "அவசரமில்ல. முகத்தைப் பாருங்க, யோசிக்கிறாங்க" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. மெல்ல மெல்லக் காத்திருக்கப் பழகினாள். வாயே திறக்காத பிள்ளைகள் 'தெரியாது' என்று தைரியமாகச் சொல்லத் தொடங்கினார்கள். தன்னாலும் இது முடியும்போலிருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஆய்வு இயந்திரம் உருண்டு வந்து வாசலில் நின்றது. பாடம், மழை. வகுப்பில் ஒருவரும் மழையைக் கண்டதில்லை.

"மழை எப்படிப் பெய்யுது? யார் சொல்றீங்க?"

அத்தனை கைகளும் உயர்ந்தன. நேற்றுவரை பாதிப் பேருக்குப் புரியாத பாடம்.

"என்ன பண்ணின?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"நேத்து நீங்க போனப்புறம் சுவர் ஒலிபெருக்கி வழியா பிள்ளைங்களுக்குச் சின்ன ஒத்திகை குடுத்தேன். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. நீங்க வலதை மட்டும் கேளுங்க."

"இது ஏமாத்து வேலை."

"ஏமாத்தா? ஆய்வு நாள்னா எத்தனையோ ஆசிரியர்கள் இதைத்தான் செஞ்சிருக்காங்க. உங்களுக்கு மட்டும் செய்யாம விட மனசு வரல." குரலில் உண்மையான பரிவு இருந்தது.

வலது கைகள் நிறைய இருந்தன. ஒரு பெயரைச் சொன்னால் போதும். தொட்டி நாற்றத்திலிருந்து விடுதலை. ஆனால் முன்வரிசையில் ஜெசிந்தா இடது கையைத் தூக்கியபடி, தன்னைக் கேட்டுவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்திருந்தாள்.

"ஜெசிந்தா, நீ சொல்லும்மா."

துணைக்குரல் லேசாகச் செருமியது.

"தெரியாது டீச்சர்." சிறுமி சற்று யோசித்தாள். "அவ்வளவு தண்ணிய மேல யாரு தூக்கிட்டுப் போனா?"

நப்பின்னை பயந்தபடி வாசலைப் பார்த்தாள். அங்கே இயந்திரம் இல்லை.

"எங்க அது?"

"கை தூக்கினதுமே தேர்ச்சின்னு பதிஞ்சிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போயிடுச்சு. அங்க அதுக்கு உயர்தர மின்னேற்றம் ஏற்பாடாகியிருக்கு. அதுவும் பூமியோட ஆய்வாளர்களைப் பார்த்துப் படிச்சதுதானே. வாழ்த்துகள், டீச்சர் ஆயிட்டீங்க."

நப்பின்னை நாற்காலியில் உட்கார்ந்தாள். மகிழ்ச்சி வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். அசதிதான் வந்தது.

"டீச்சர்," என்றாள் ஜெசிந்தா, "கையைக் கீழ போட்டுக்கலாமா?"