வெள்ளைத் தரை

"நில்லுங்க!"

அவன் நின்றான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வாசலில்.

பொன்மணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்தாள். இரண்டிலும் கரிசல் மண் அப்பியிருந்தது. விடிகாலையில் பெய்த மழை... பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். வெள்ளை டைல்ஸில் முதல் தடம் விழுந்துவிட்டது.

"இப்பத்தான் துடைச்சது. காலைக் கழட்டி வச்சிட்டு வாங்க."

"காலையா?"

"ஷூவை!"

அவன் சிரித்தான். குனிந்து கழற்றினான். இடது சாக்ஸில் ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். கண்கள் ஈரக் கரிசல் நிறம். சிரித்து முடித்த பிறகும் சிரிப்பு அங்கே கொஞ்சம் மிச்சமிருந்தது.

"பீர் கம்பெனியில இருந்து வாரேன். பேரு சோலைமுத்து. புதுசா மாத்துன பாரையெல்லாம் பாத்து எழுதணும். பீர் எப்படி, இடம் எப்படின்னு. நல்லாயிருந்தா கம்பெனியே குளிர்பெட்டி குடுக்கும்."

"நல்லாத்தான் இருக்கு. எழுதிக்கோங்க."

"குடிச்சுப் பாக்காமயா?"

சௌந்தர் லாட்ஜின் கீழ்த்தளத்தில் பார் திறக்கும் நேரம் பதினொன்று. இப்போது பத்து. இந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் பொன்மணி அங்கே நிற்கலாம். ஆட்கள் வந்த பிறகு முதலாளி மகள் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது அப்பா சௌந்தரபாண்டியனின் கட்டளை. மற்றதையெல்லாம் அவள் இஷ்டத்துக்கு விட்டிருந்தார். சென்னையில் கேட்டரிங் படித்த பெண்.

பழைய பாரில் பலகைத் தடுப்பு, சிவப்பு பல்பு, பீடிப் புகை. அவள் எல்லாவற்றையும் பெயர்த்தாள். ஏ.சி. வந்தது. மேசைகள் விலகி உட்கார்ந்தன. தரையை மட்டும் நான்கு கடை ஏறி அவளே தேர்ந்தெடுத்தாள். தொண்ணூற்றெட்டில் கோவில்பட்டியில் இப்படி ஒரு வெள்ளைத் தரை வேறெந்த பாரிலும் கிடையாது. முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. மூன்றாம் வாரம் ஈ கூட இல்லை.

"கார்த்திகை பிறந்தா பாதிப்பேரு மாலை போட்டுருவான். அதுக்குள்ள கூட்டம் சேந்தாச் சரி. இல்லேன்னா திருநெல்வேலிக்காரன் குத்தகைக்குக் கேக்கான், குடுத்துருவேன். அவன் பழையபடி தடுப்பு அடிச்சிக்கிடட்டும்," என்றிருந்தார் அப்பா.

கார்த்திகைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

சப்ளையர் கண்ணுசாமி ஒரு பாட்டிலைத் திறந்து வைத்தார். சோலைமுத்து கிளாஸைச் சாய்த்து ஊற்றினான். சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து பீருக்குள் விட்டான்.

"பீருக்குக் காய்ச்சலா சார்?"

"காய்ச்சல்தான். குளிரணும், குளிரல." கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "நுரையும் நிக்கல. பாருங்க, வந்ததும் செத்துருச்சு. ஆம்லெட் தட்டையும் கிளாஸையும் ஒரே தொட்டியில கழுவுதீங்களா?"

கண்ணுசாமி வேறு பக்கம் பார்த்தார்.

"எண்ணெய் பட்டா நுரை நிக்காது அண்ணாச்சி." அவன் ஒரு மடக்கு குடித்தான். கண்ணை மூடி நிதானமாக விழுங்கினான்.

மருந்து குடிக்கிற மாதிரி குடிக்கிறான்... பொன்மணிக்குச் சிரிப்பு வந்தது.

"எப்படித்தான் இருக்கும் அது?"

"கசக்கும்."

"கசக்கிறதையா இத்தனை பேரு குடிக்கிறாவ?"

"முதல் மடக்குத்தான் கசக்கும். பிறகு பிடிச்சிரும்." அவளைப் பார்த்தான். "சில ஆளுங்களும் அப்படித்தான். வாசல்லயே நில்லுங்கம்பாங்க..."

அவள் முகம் சூடானது. பேச்சை மாற்றினாள்.

"ராத்திரி இங்கன தங்குதீங்களா?"

"ஆமா. ஆள் இருக்கும்போதுதான இடம் எப்படின்னு தெரியும். சாயந்தரம் வந்து உக்காருவேன்."

"அப்ப எனக்காகவும் கொஞ்சம் பாருங்க. நான் உள்ள வர முடியாது. ஏன் யாரும் வரமாட்டேங்காவன்னு... உங்களுக்காவது தெரியுதான்னு பாருங்க."

கேட்ட பிறகு, ஏன் இவனிடம் கேட்டோம் என்றிருந்தது. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் பத்து மணிக்கு அவனே வந்தான். ஷூவை வெளியே விட்டிருந்தான். சாக்ஸ் புதிது. அதை அவள் கவனித்ததை அவனும் கவனித்தான்.

"கம்பெனிக்கு அனுப்புறதுக்கு முந்தி நீங்க படிக்கணும்னு தோணுச்சு."

ஒரே தாள். பீர்: குளிர் போதாது, நுரை நிற்கவில்லை. இருக்கை: நன்று. வெளிச்சம்: நன்று. தரை: குறை. அளவுக்கு மீறிய சுத்தம்.

கடைசி வரியை இரண்டு முறை படித்தாள்.

"சுத்தம் ஒரு குறையா?"

"இங்கன அது குறைதான். ஏன்னா..."

"நாலு கடை ஏறி வாங்குன தரை இது. ஊர்ல எவனும் போடாத தரை. அதையா குறைன்னு எழுதுதீங்க?"

"நான் சொல்லுததைக் கொஞ்சம்..."

"உங்களுக்கு எந்த ஊரு?"

"எப்போதும்வென்றான்."

"அதான். மண்ணுல கிடந்து வந்தவங்களுக்குச் சுத்தம் குறையாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டாள். சொன்ன கணமே வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது. அவன் கண்ணில் மிச்சமிருந்த சிரிப்பு அணைந்தது.

"எங்க அப்பா வெள்ளாமை பாக்குற சம்சாரிதான். கால்ல மண்ணு இல்லாம அவரை நான் பாத்ததில்ல." தாளை அவளிடமிருந்து வாங்கி மேசையில் வைத்தான். "இன்னைக்குச் சாயந்தரம் வாசலைப் பாருங்க. உள்ள வர வேண்டாம். வாசலை மட்டும்."

போய்விட்டான். முந்தின நாள் மறந்து வைத்த தெர்மாமீட்டர் மேசையிலேயே கிடந்தது.

சாயந்தரம் தூறல் விட்டிருந்தது. மாடி ஜன்னலில் நின்றாள் பொன்மணி. அவன் சொன்னதற்காக இல்லை, சும்மாதான் நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டாள்.

முதலில் ஒரு பெரியவர் வந்தார். கதவைத் திறந்தார். பளபளவென்ற தரையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கோயிலில் விடுவதுபோலச் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். டயர் செருப்பு, பச்சை வார். அடுத்து வந்தவரும் கழற்றினார். மூன்றாவது ஆள் வெள்ளைச் சட்டை, இளவயது. மீசையைத் தடவிக்கொண்டே வந்தவர் பச்சை வாரைப் பார்த்தார். நின்றார். சட்டென்று திரும்பி, பஸ்ஸுக்கு ஓடுகிறவர் மாதிரி நடந்தார்.

நான்காவது ஆளும் செருப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஐந்தாவது ஆள் ரோட்டிலிருந்தே.

பொன்மணி கண்ணுசாமியை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"அந்த வெள்ளைச் சட்டைக்காரரு ஏன் திரும்பிட்டாரு?"

"அது அவரு மாமனாரு செருப்புல்லா பாப்பா? மாமனாரு உள்ள இருக்கையில மருமகன் எப்படி நுழைவாரு?"

"பழைய பார்ல மட்டும் வந்தாங்களே?"

"அங்கன யாரு செருப்பைக் கழட்டுனா? தரை கிடந்த கிடைக்கு, கால்ல செருப்பில்லாம நடக்க முடியுமா?" கண்ணுசாமி தயங்கினார். "இப்ப தெருவுல போறவன் பூரா யாரு யாரு குடிக்காவன்னு வாசல்லயே பாத்துட்டுப் போறான். நான் சொல்லலாம்னுதான் பாப்பா இருந்தேன். நீங்க ஆசைப்பட்டுப் போட்ட தரை..."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது. ஒரே ஒரு சாயந்தரம் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறான். சொல்ல வந்தவனை...

மறுநாள் காலை நல்ல மழை. பொன்மணி லாட்ஜுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இறங்கினாள். செருப்போடு. கரிசல் கணுக்கால் வரை இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் செருப்பு ஒரு படி கனத்தது. அப்படியே பாருக்குள் நுழைந்தாள். வாசலிலிருந்து கவுண்டர் வரை நடந்தாள். கவுண்டரிலிருந்து கடைசி மேசை வரை. திரும்பவும் வாசல் வரை. நான்கு கடை ஏறி வாங்கிய வெள்ளையில் கறுப்புக் கறுப்பாகத் தடங்கள்.

கண்ணுசாமி துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"துடைக்காதீங்கண்ணே."

"பாப்பா... உடம்புக்கு ஏதும்...?"

"சுகமாத்தான் இருக்கேன். கார்த்திகை வரைக்கும் வாசப்பக்கம் துடைக்க வேண்டாம். கிளாஸுக்குத் தனித் தொட்டி வைங்க. பாட்டிலை முந்தின நாளே ஐஸ்ல போடுங்க."

அன்று சாயந்தரம் பச்சை வார் செருப்புக்காரர் கதவைத் திறந்தார். தரையைப் பார்த்தார். செருப்போடு உள்ளே போனார். வெள்ளைச் சட்டை வந்தபோது வாசல் காலியாக இருந்தது. அவரும் போனார். இரண்டு நிமிடம் கழித்து மாமனார் பின்கதவு வழியாக வெளியேறினார். மருமகன் அவரைப் பார்க்கவில்லை. அவரும் மருமகனைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி முடிவதற்குள் மேசை கிடைக்காமல் ஆட்கள் நின்றார்கள்.

"ஏட்டி, திருநெல்வேலிக்காரனை இல்லைன்னுட்டேன்," என்றார் அப்பா. "ஆனா அந்தத் தரையைத் துடைக்கப்படாதா? சகிக்கல."

"கடப்பாக்கல்லு போட்டுருவோம்ப்பா. கறுப்பா."

சந்தோஷம்தான். ஆனால் தினமும் பத்து மணிக்கு அவள் கண் வாசலுக்குப் போனது. தெர்மாமீட்டர் மேசை டிராயரில் இருந்தது. கம்பெனி முகவரிக்கு ஒரு கார்டு எழுதினாள். 'தரை பற்றி எழுதியது சரி. நான் பேசியதுதான் குறை. பொன்மணி.' தபால் பெட்டியில் போட்ட பிறகு நாட்களை எண்ணினாள்... எண்ணுவதை நிறுத்தினாள். அவன் அப்பாவின் காலைப் பழித்தவளைப் பார்க்க அவன் ஏன் வருவான்?

கார்த்திகை பிறந்தது. ஊரில் பாதிப்பேர் மாலை போட்டார்கள். பார் வெறிச்சென்று கிடந்தது. பொன்மணி லாட்ஜின் முன்பக்க ஆபீஸில் உட்கார்ந்திருந்தாள். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பழைய மொசைக் தரை.

மழைக்குள்ளிருந்து ஒரு ஆள் படியேறினான். வாசலில், மெயின் ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், நட்டநடுவில் ஷூவைக் கழற்றி வைத்தான். கரிசல் அப்பிய ஷூ.

சோலைமுத்து.

"இங்கன கழட்ட வேண்டாம்," என்றாள்.

"தெரியும்."

"தெர்மாமீட்டரை விட்டுட்டுப் போயிட்டீங்க."

"அதுக்கு வரல."

"பார்ல இன்னைக்கு ஆளே இல்லியே. எதைப் பாத்து எழுதப் போறீங்க?"

"கம்பெனி வேலையா வரல." என்றான். "கார்டு வந்துச்சு. இருபது தடவையாவது படிச்சிருப்பேன்..."

அவள் தலை குனிந்தாள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கப்படாது."

"முதல் மடக்கு அப்படித்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும்.

"ஷூவை உள்ள எடுத்து வைங்க. ரோட்டுல போறவங்க பாப்பாங்க."

"பாக்கட்டும்னுதான் அங்கன விட்டேன். யாரைப் பாக்க வந்திருக்கேன்னு மறைக்க எனக்கு இஷ்டமில்ல." குரல் இறங்கியது. "உங்களைத்தான் பாக்க வந்தேன். இனிமேலும் அதுக்குத்தான் வருவேன். வரலாமா?"

மழை வாசல் தாழ்வார ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். தன் செருப்பைக் கழற்றி அவன் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒட்டி.

"எனக்கும் மறைக்க இஷ்டமில்ல," என்றாள்.

அப்போது குடையோடு படியேறினார் சௌந்தரபாண்டியன். இரண்டு ஜோடியையும் பார்த்தார். மகளைப் பார்த்தார். புதியவனின் ஷூ இல்லாத காலைப் பார்த்தார்.

"யாரு?"

"ஊரு எப்போதும்வென்றான்ப்பா. தரை குறைன்னு சொன்னது இவியதான்."

அவர் குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். பிறகு, இத்தனை வருடத்தில் அந்த வாசலில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். தன் செருப்பைக் கழற்றினார். இரண்டு ஜோடிக்கும் சற்றுத் தள்ளி விட்டார்.

"உக்காரச் சொல்லுட்டி. காபி சொல்லுதேன்," என்று உள்ளே போனார்.

பொன்மணி அவன் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்.

"மாமனாரு செருப்பு கிடக்கு. ஓடலியா?"

"நான் பீர் குடிக்க வரலியே," என்றான் சோலைமுத்து.