அலுமாரிக்குப் பின்னால் ஒரு வாசல்

"யாரு வீட்டுக்குள்ள மணி அடிக்கிறது? இது வீடா, கோயிலா?"

முகம் கழுவிய ஈரம்கூடக் காயாமல் கிறிஸ்தோபர் கூடத்தில் வந்து நின்று கத்தினார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து பென்சன் எடுத்தவர். அந்தக் குரல் மட்டும் இன்னும் பென்சன் எடுக்கவில்லை!

கூடத்து மூலையில் மருமகள் ஷெனாலி ஒரு சின்ன வெண்கல மணியோடு நின்றாள். அவளுக்கு ஏழாம் மாதம். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அறைகளை ஒழுங்குபடுத்தும் பிரிவில் வேலை செய்தவள். பிரசவ லீவில் வீட்டோடு இருக்கிறாள். அந்த ஹோட்டலை அலங்கரிக்க வந்த சிங்கப்பூர் அம்மா ஒருத்தியிடம் ஃபெங் சுய் என்ற சீன மனைச் சாத்திரத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"மூலையில தேங்கிப்போன சக்திய எழுப்புறதுக்கு அடிக்கிறேன் மாமா. வீட்டுக்குள்ள ஓடுற உயிர்ச்சக்திக்கு சீனாக்காரங்க 'ச்சீ'ன்னு சொல்லுவாங்க."

"ச்சீயா? சீ! நாங்க வேதக்காரங்க. இந்தச் சீனாச் சாத்திரமெல்லாம் இங்க வேணாம்!"

"பாதர்கிட்ட கேட்டேன் மாமா. வீட்டைத் துப்புரவாக்குறதும் ஜன்னலைத் திறக்குறதும் பாவமில்லன்னாரு. மணியப் பத்தி மட்டும் நான் கேக்கல்ல..."

குசினியில் தேங்காய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்த திரேசம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

ஷெனாலி சும்மா இருக்கவில்லை. நான்கு நாட்களாக வீட்டையே புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள். ஓடாத சுவர்க்கடிகாரம், கால் உடைந்த கதிரைகள், கட்டிலுக்கடியில் கிடந்த பழைய டயர் எல்லாம் வெளியே போய்விட்டன. கட்டிலைப் பார்த்தபடி இருந்த நிலைக்கண்ணாடி இடம் மாறியது. மகன் ரொமேஷ் திரீவீல் ஹயருக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மனைவி சொன்னதைத் தூக்கினான், சொன்ன இடத்தில் வைத்தான். வீடு கொஞ்சம் மூச்சுவிடத் தொடங்கியிருந்தது.

ஆனால் கூடம் மட்டும் இருட்டுதான். பட்டப்பகலிலும் லைட் போடவேண்டும். காரணம், முன்கதவை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெரிய தேக்கு அலுமாரி. அலுவிகாரையில் மெயின் ரோட்டைப் பார்த்த அருமையான வீடு. ஆனால் வருகிறவர், போகிறவர் எல்லோரும் பக்கத்துச் சந்தால் சுற்றிக் குசினி வழியாகத்தான் வரவேண்டும்.

"வாசல்தான் மாமா வீட்டோட வாய். வாயக் கட்டிப்போட்டா வீடு எப்படிச் சாப்பிடும்? இந்த அலுமாரிய நகர்த்தணும்."

கிறிஸ்தோபரின் முகம் சட்டென்று கறுத்தது.

"அதுல மட்டும் கை வைக்காத."

"ஏன் மாமா?"

"ஏன்னு உன் மாமிக்கிட்ட கேளு! என் தங்கச்சிக்குத் திறக்காத கதவு வேற யாருக்கும் திறக்கத் தேவையில்ல!"

திரேசம்மாவின் கை அம்மியிலேயே நின்றுபோனது.

பழைய கதைதான். கிறிஸ்தோபரின் ஒரே தங்கை கெத்தரின். நாவுலையில் மரக்கறித் தோட்டம் செய்யும் சசிக்குமாரை விரும்பினாள். அவன் சைவக்காரன் என்று தாய் மறுத்தாள். கெத்தரின் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அந்தச் சேலையோடேயே ஆசீர்வாதம் கேட்டு வந்து நின்றாள். கதவு திறக்கவில்லை. "அண்ணி... அண்ணி..." என்று தட்டித் தட்டி, கடைசியில் அழுதுகொண்டே போய்விட்டாள். அன்று வேலை முடிந்து வந்த கிறிஸ்தோபரிடம் தாய் சொன்னது ஒன்றே ஒன்று: "உன் பொண்டாட்டிதான்டா கதவைச் சாத்திட்டா."

அந்த ஆத்திரத்தில்தான் அவர் அலுமாரியைத் தள்ளிக் கதவோடு சேர்த்து வைத்தார். அன்றிலிருந்து மனைவியிடம் வேண்டியதைக் கேட்பார், கொடுத்ததைச் சாப்பிடுவார். அவ்வளவுதான். ஊரில், உறவில் எல்லோருக்கும் திரேசம்மா கதவைச் சாத்தியவள்! தாய் இறந்தபோது கெத்தரின் அடக்கப் பூசைக்குக் கோயிலுக்கு மட்டும் வந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே போனாள்.

ஷெனாலி விடுவதாக இல்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மாமனாரின் எதிரில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அப்போ ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா. உங்க பேரப்பிள்ளைய ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வர்றப்போ, கறிச்சட்டிக்கும் விறகுக்கும் நடுவாலயா நான் தூக்கிட்டு வரணும்?"

கிறிஸ்தோபர் அலுமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் திரேசம்மா குசினியிலிருந்து வெளியே வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப் பூ.

"ரொமேஷ், அலுமாரியத் தள்ளு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நின்ற இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.

"நீயா சொல்ற?" கிறிஸ்தோபர் சீறினார். "அன்னைக்குச் சாத்தினவ இன்னைக்குத் திறக்கச் சொல்றியா? வெக்கமா இல்ல?"

"என்னைய என்ன வேணுமின்னாலும் சொல்லுங்க. இவ்வளவு காலமும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்... ஆனா அந்தப் புள்ள முன்வாசலாலதான் வரணும். தள்ளுடா!"

ரொமேஷ் தகப்பனைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அலுமாரியில் தோளைக் கொடுத்தான். கிறிஸ்தோபர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. தேக்கு மரம் தரையில் உராய்ந்து முனகியது. பின்னாலிருந்து சிலந்தி வலையும் கரப்பான் பூச்சிகளும் செத்துப்போன ஒரு பல்லியும் வந்தன. கடைசியில் கதவு தெரிந்தது.

ரொமேஷ் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கதவு அசையவில்லை.

"தாழ்ப்பாளை எடு," என்றார் கிறிஸ்தோபர்.

"தாழ்ப்பாள் போடல்லப்பா. மேலயும் கீழயும் திறந்துதான் கிடக்கு." ரொமேஷ் குனிந்து பார்த்தான். "சாவி போட்டுல்ல பூட்டியிருக்கு... சாவி எங்க?"

கிறிஸ்தோபர் கையைப் பிரித்தார். மெதுவாக நடந்து போய்க் கதவைத் தொட்டார். திறந்து கிடந்த தாழ்ப்பாளை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். பூட்டின் துவாரத்தில் விரலை வைத்தார்.

இந்தக் கதவின் சாவி ஒன்றே ஒன்றுதான். அதைத் தாய் இடுப்பில் செருகியிருப்பாள். குளிக்கப் போனாலும் கழற்றமாட்டாள். பெற்ற மகனுக்கே கொடுத்ததில்லை. அன்று கோபத்தில் அலுமாரியைத் தள்ளினாரே தவிர, கதவை அவர் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை!

"திரேசா..." அத்தனை காலத்துக்குப் பிறகு அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "சாவி உன்கிட்ட இருந்திச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுடி! பூட்டினது யாரு?"

"விடுங்க... செத்தவங்களப் பத்தி எதுக்கு..."

"திரேசா!"

அவள் அழுதுவிட்டாள். "மாமிதான் பூட்டினாங்க. கதவுல சாஞ்சி உக்காந்துக்கிட்டு, நீ கிட்ட வந்தா இங்கயே உசிர விட்டுருவேன்னாங்க. வெளியில கெத்தரின் அழுவுறா, உள்ள இவங்க அழுவுறாங்க... நான் நடுவுல நின்னேன். என்னங்க செய்ய? பொறவு படுக்கையில கெடந்தப்போ என் கையப் புடிச்சிக்கிட்டு, 'என் மக என்னைய வெறுத்துறக் கூடாது திரேசா'ன்னு அழுதாங்க. தாய வெறுத்துட்டு ஒருத்தியால எப்படி வாழ முடியும்? அண்ணிய வெறுத்தா வாழ்ந்துரலாம்... அதான் பேசாம இருந்தேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

கிறிஸ்தோபர் அந்தத் தூசிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டையே அதட்டிய மனுஷன் சின்னப் பிள்ளைபோல விம்மினார். திரேசம்மா பதறிப்போய்ப் பக்கத்தில் குந்தினாள். தேங்காய்ப் பூ ஒட்டிய அவளது கைகளைப் பிடித்து அவர் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"நான் பாவி... உன்னைய உசிரோட சாவடிச்சிட்டேனே..."

"மருமக பாக்குறா, எழும்புங்க..."

"பாக்கட்டும்! எல்லாரும் பாக்கட்டும்!"

ஷெனாலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருப்புளியை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். ரொமேஷ் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டைப் பெயர்த்தெடுத்தான். கிறிஸ்தோபர் எழுந்து கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கதவு அகலத் திறந்தது.

வெயில் கூடத்துக்குள் பாய்ந்தது! மெயின் ரோட்டு இரைச்சலும், பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டத்தில் காயப்போட்டிருந்த கறுவாப்பட்டையின் மணமும் சேர்ந்து வந்தன. தம்புள்ளைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. எல்லோருமே கண் கூச நின்றார்கள்.

"இதான் மாமா ச்சீ," என்றாள் ஷெனாலி மெதுவாக.

இந்த முறை அவர் 'சீ' என்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி விறுவிறுவென்று ரோட்டை நோக்கி நடந்தார்.

"எங்கப்பா போறீங்க?"

"நாவுலைக்கு!"

"அப்பா, ஒரு காலுல என் செருப்புப்பா! நில்லுங்க, திரீவீல எடுக்கிறேன்!"

அவர்கள் போனபிறகு திரேசம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு வைத்தாள், கோழி சமைத்தாள், கெத்தரினுக்குப் பிடித்த பருப்பு வடை சுட்டாள். ஷெனாலி கூடத்தைக் கழுவித் துடைத்து, ஜன்னலெல்லாம் திறந்து, வாசலில் இரண்டு பூச்சாடி வைத்தாள். "மாமி, வாசலுக்கு நேரா எதுவும் இருக்கக் கூடாது, வழி விடணும்" என்று சொல்லிச் சொல்லி, வாசலுக்கு நேராகவே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியை நான்கு தரம் நகர்த்தினாள்.

வெயில் சாயும் நேரத்தில் திரீவீல் வந்து நின்றது. முதலில் ஒரு மூடைக் கத்தரிக்காய் இறங்கியது, பின்னாலேயே சசிக்குமார். அடுத்துக் கிறிஸ்தோபர். கடைசியில் கெத்தரின். தலையில் நரை. முகம் மட்டும் அதே முகம்.

அவள் படிக்கருகில் வந்து நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை.

கிறிஸ்தோபர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, வழியெல்லாம் எனக்கு வாய் வரல்ல. உன் அண்ணி முன்னாடிதான் சொல்லணும். அன்னைக்குக் கதவப் பூட்டினது இவ இல்ல..."

"வேணாங்க!" திரேசம்மா தலையாட்டிக் கெஞ்சினாள். "சொல்லாதீங்க..."

"தெரியும்ணே," என்றாள் கெத்தரின்.

திரேசம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா இருமினாங்க. பெத்த தாயோட இருமல் எனக்குத் தெரியாதா? ஆனா அம்மாதான் சாத்தினாங்கன்னு நெனச்சா என்னால மூச்சே விட முடியல்ல. அதனால அண்ணிமேல போட்டுட்டேன். அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு தெரியும். பொறவு வெக்கம்... எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வருவேன்?"

வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரேசம்மாவுக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம்!

"தெரிஞ்சிக்கிட்டேயா? இவ்வளவு காலமும் தெரிஞ்சிக்கிட்டேயாடி இருந்த? ஊரே என்னைய ஏசினிச்சே! நான் உனக்காகத்தானே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்... பாவி! படுபாவி!"

கையை ஓங்கிக்கொண்டு படியிறங்கினாள். கெத்தரின் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றாள். "அடிங்க அண்ணி. நல்லா அடிங்க."

ஓங்கிய கை இறங்கியது. நரைத்த அந்தத் தலையில் பட்டது. பட்ட இடத்திலேயே நின்று தடவியது. "எப்படி இளைச்சிட்டடி..." என்றாள் திரேசம்மா. அடுத்த கணம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ரோட்டோரத்திலேயே ஓவென்று அழுதார்கள். மாத்தளைக்குப் போன பஸ்ஸின் ஜன்னல்களெல்லாம் எட்டிப் பார்த்தன. சசிக்குமார் என்ன செய்வதென்று தெரியாமல் கத்தரிக்காய் மூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க மச்சான்," என்று கிறிஸ்தோபர் அவர் கையைப் பிடித்தார். "எல்லாரும் உள்ள வாங்க."

அழுகை ஓய்ந்து, கைகோத்தபடி படியேறினார்கள் அண்ணியும் நாத்தனாரும். கெத்தரின் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"வீடு என்ன அண்ணி, இவ்வளவு பெருசா இருக்கு! முந்தி இப்படி இல்லையே?"

"எல்லாம் என் மருமக செஞ்சது," என்றாள் திரேசம்மா. பெருமையில் அவள் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. "அதுக்கு ஒரு பேரு இருக்கு. எனக்கு வாயில வராது. நீ உக்காரு, வடை ஆறிடும்!"