இந்த இருவரும் ஒருவரா?

தீபன் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தான். அவன் இப்போதுதான் வீடு வந்து சேர்ந்ததாகச் சமையலறை ஸ்பீக்கர் அறிவித்தது.

“வந்தாச்சா, வந்தாச்சா. தே ஓ கலக்கட்டா?”

யோகேஸ்வரியின் குரல். எப்போதோ பதிவு செய்தது, பாதிச் சிரிப்பில் உடைந்த குரல். நிஜ யோகேஸ்வரி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே சாயங்கால மழை தகரக் கூரையை அரிசி புடைப்பதுபோல் புடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே ஆட்டோ கேட் தன் சக்கரத்தைத் தண்டவாளத்தில் உரசியபடி மெல்ல மெல்ல விலகும் சத்தம் கேட்டது. அவன் கைலியை இறுக்கிக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கேட் அகலத் திறந்து கிடந்தது. தெருவிளக்கின் மஞ்சளில் மழை மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் நடந்து உள்ளே வர எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பொறுத்திருந்துவிட்டு, கேட் தானே சாத்திக்கொண்டது.

மிஷினுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வரவேற்பு அவனுக்கென்று பதிவானதல்ல. அவன் அதைக் கைப்பற்றியிருந்தான்.

யோகேஸ்வரிக்கு அவன் இரண்டாவது கணவன். முதலாமவன் சிவகணேசன், சிங்கப்பூரில் கணினி வேலை பார்த்தவன், இதே மாதிரி ஒரு மழையில் ஆயர் ஈத்தாம் சாலையில் செம்பனைக் குலை லாரிக்கு அடியில் மோட்டார் சைக்கிளோடு போய்ச் சேர்ந்தவன். ரெங்கம் ஊரின் தாமான் குடியிருப்பில் இந்த வீட்டை வாங்கியதும் அவன்தான். மாடிப்படிக்கு அடியில் ரொட்டி டின் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, அதன் கையில் வீட்டை ஒப்படைத்ததும் அவன்தான். உலகத்தில் யார் யாரோ எழுதி, ஊருக்குப் பொதுவென்று இலவசமாக விட்டுவைத்த மென்பொருள்களை ஒரு பொத்தானில் வீட்டுப் பெட்டியிலேயே நிறுவித் தரும் கருவி ஒன்று அதில் இருந்தது. படம், பாட்டு, விளக்கு, கேமரா, கேட், எல்லாம் ஒரே பக்கத்தில் கட்டம் கட்டமாக. மாதச் சந்தா கிடையாது. குடும்பப் படம் எந்தக் கம்பெனி வாசலுக்கும் போகாது. யோகேஸ்வரி ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைப்பாள். பொட்டின் மேல் பொட்டாகப் பழைய வருஷத்துச் சந்தனம் அதில் காய்ந்து கிடந்தது.

தீபன் ஆயர் ஈத்தாமில் பூச்சட்டிக் கடை வைத்திருப்பவன். சிங்கப்பூர் நம்பர் பிளேட்டைக் கண்டதும் அவன் நாக்கில் விலை தானாக ஏறும். இலவசம் என்ற சொல்லை அவன் குடும்பத்தில் யாரும் நம்பியதில்லை. சும்மா கொடுக்கிறவன் வேறு எதையோ எடுத்துக்கொண்டு போகிறான் என்பதுதான் அவர்கள் கடையின் வேதம். விலை படியாத ஆளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்துவிட்டு, சட்டியைத் துடைக்கத் திரும்பிவிடும் பார்வை ஒன்று அவனிடம் உண்டு. அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் திரும்பி வந்து கேட்ட காசைக் கொடுப்பார்கள். உயிரோடு இருக்கும் எந்தப் போட்டிக்காரனையும் அவனால் அப்படிச் சமாளிக்க முடியும். செத்தவனோடு எப்படி விலை பேசுவது?

கல்யாணமாகி வந்த நாள் முதல், கேட் கேமரா அவன் முகத்தைப் பார்த்து ஒரே சொல்லைத்தான் சொன்னது. “தெரியாத ஆள்.” அதுவும் மிஷினின் சொந்தக் குரலில், தபாலாபீஸ் கவுண்டர் குரலில். ரிமோட்டை அமுக்கிக் கேட்டைத் திறந்து தன் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைவான். யோகேஸ்வரியிடம் சொன்னால், “ஒரு நாள் உக்காந்து மாத்தலாம்லா, என்ன அவசரம்” என்பாள். அந்த ஒரு நாள் வரவில்லை. சிவகணேசனுக்கோ அவளே மனமுவந்து சொன்ன வரவேற்பு இருந்தது. கேட்க ஆளில்லாத வரவேற்பு. அது அங்கே வீணாகக் கிடப்பதுதான் தீபனை அறுத்தது.

ஒரு மத்தியானம் அவன் பெட்டியின் பக்கத்தைத் திறந்தான். படங்களை முகம் முகமாகப் பிரித்து அடுக்கியிருந்தது. வாசல் கேமராவும் இந்த முகங்களைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காணும். சிவகணேசன் ஆயிரக்கணக்கில் சிரித்தான்: குளுவாங் ஸ்டேஷனில், கோயில் தேருக்கு முன்னால், அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு. தீபன் ஒரு கைப்பிடி. அதிலும் பாதி, கல்யாண மண்டபத்தில் வியர்த்துப்போய் நிற்பது. ஒவ்வொரு சிரிப்பையும் பார்த்தான். அவள் இவனோடு இருக்கும் படங்களில் பல் தெரியாததையும் பார்த்தான்.

அழித்துவிடலாம். அழித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். விரல் அங்குமிங்கும் அலைந்ததில் ஒரு கட்டம் முளைத்தது. சிவகணேசன் முகமும் தீபன் முகமும் பக்கத்தில் பக்கத்தில். கீழே கேள்வி: இந்த இருவரும் ஒருவரா?

ஓடுகிற கடையை வாங்கினால் போர்டை மட்டும் மாற்று, வாடிக்கையைக் கலைக்காதே என்பார் அவன் அப்பா. தீபன் ‘ஆம்’ என்று அமுக்கினான். எந்தப் பெயரை வைத்துக்கொள்ள என்று கேட்டது. தீபன் என்று தட்டினான். ஆயிரக்கணக்கான சிரிப்புகளுக்கு மேல் அவன் பெயர் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் கடையிலிருந்து வந்தபோது கேட் அவனுக்காகத் தானே திறந்தது. “வந்தாச்சா, வந்தாச்சா. தே ஓ கலக்கட்டா?” ஆணியடித்ததுபோல் நின்று அந்தச் சிரிப்பைக் கடைசித் துளிவரை கேட்டான். பைசா செலவில்லாமல் வாங்கிய சரக்கு.

அதெல்லாம் போன வாரம். இந்த வாரம் அவன் வீட்டுக்குள் இருக்கும்போதே அவன் வந்துகொண்டிருந்தான்.

மாடியிலிருந்து இறங்கி வந்த யோகேஸ்வரி அடுப்படிக்குப் போனாள். கண்ணாடிக் கிளாஸில் சீனி கலக்கும் சத்தம். பால் விடாத தேநீரை அவன் முன்னால் கறுப்பாக ஆவி பறக்க வைத்தாள்.

“இது என்னா?”

“தே ஓ.”

“நான் கோப்பிதானே குடிப்பேன், யோகேஸ்.”

அவள் கிளாஸைப் பார்த்தாள். “நீங்கதானே இப்ப படிக்கட்டு கிட்ட நின்னு கேட்டீங்க?”

“நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்கல.”

“சும்மா விளையாடாதீங்க தீபன்.” சிரித்தாள். பல் தெரிந்தது. கல்யாணமான பிறகு முதல் தடவை.

அதன் பிறகு வீடு அவன் கையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. அவன் உட்கார்ந்திருந்தால் விளக்கு மங்கும், எழுந்து போனபின் அந்தக் காலி நாற்காலிக்கு மேல் பிரகாசமாகும். ஃபேன் வேறொருவனுக்குப் பிடித்த வேகத்தில் சுற்றும். செருப்பு அலமாரியருகே ஒரு வாடை: நனைந்த ஹெல்மெட் பஞ்சு, பெட்ரோல், அதற்கு அடியில் வெயிலில் புளித்த செம்பனைக் குலையின் எண்ணெய் நாற்றம். துடைத்தால் போகவில்லை. டைல்ஸில், வாசலிலிருந்து சோபாவரை, காயாத ஈரம். யோகேஸ்வரி அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. யாருக்காக இந்தப் பாட்டு என்று கேட்க அவனுக்கு வாய் வந்தது. கேட்கப் பயந்தான்.

பெட்டியைக் கட்டும்போது சிவகணேசனுக்குக் கூடமாட ஒத்தாசை செய்தவன் லாயாங் லாயாங் ஊரில் இருக்கும் மனோகரன். தீபன் கடையிலிருந்து அவனுக்குப் போன் போட்டான்.

“அலமாக், ரெண்டு பேரையும் சேத்துட்டீங்களா பாஸ்?” என்றான் மனோகரன்.

“பிரிச்சிரு. என்ன கேட்டாலும் தரேன்.”

“முட்டைய உடைச்சு நல்லா அடிச்சிட்டு, மஞ்சள மட்டும் தனியா எடுத்துக் குடுன்னா எப்படி? அதுக்கு எந்த முகம் ஜாஸ்தியோ அதான் ஆளு. சிவா படம்தானே ஜாஸ்தி? போகப் போக அதுக்கு ஒத்து வராத முகத்த எல்லாம் தானா வெளிய தள்ளிடும்.”

“எங்க தள்ளும்?”

“அதான், தெரியாத ஆள்ல. ஆனா பாஸ், ஆளு வந்தாத்தான் அது கேட்டத் திறக்கும். யாரும் வராமத் திறக்காது. அந்த கேமரா நான் பூட்டுனது.”

அன்று சாயங்காலமும் மழை. தீபன் வாசலில் நின்றான். கேட் அசையவில்லை. “தெரியாத ஆள்” என்றது தபாலாபீஸ் குரல். ரிமோட்டை அமுக்கி உள்ளே வந்தான், தலை துவட்டாமல் போனைத் திறந்து படங்களைப் பார்த்தான். தீபன் என்ற பெயரின் கீழ் அவன் ஒரு படத்திலும் இல்லை. கல்யாணப் படம்கூட வெளியே போயிருந்தது. தாலி கட்டும் கைக்கு மேல், அந்த முகத்தைச் சுற்றி ஒரு சாம்பல் கட்டம். தெரியாத ஆள்.

மாடியில் யோகேஸ்வரி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி. இடைவெளி. சிரிப்பு.

அவன் மாடிப்படிக்கு அடியில் குனிந்து, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான்.

வீடு மொத்தமும் மூச்சை நிறுத்தியது. ஃபேன் தளர்ந்து தளர்ந்து நின்றது. பெட்டியின் பொட்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பெட்டி செத்தால் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கேட் தானாகத் திறந்துகொள்ளும். சிவகணேசனின் ஏற்பாடு அது. வெளியே சக்கரம் உரசும் சத்தம். திறந்த வாசலை விட்டுவைக்க அவனால் முடியவில்லை. போனோடு மழையில் ஓடினான். கேட்டைக் கையால் தள்ளிச் சாத்த வேண்டுமானால் வெளிப்பக்கம் சிக்கியிருந்த கல்லை எடுக்க வேண்டும். வெளியே கால் வைத்துக் குனிந்து அதை எடுத்தான்.

உள்ளே விளக்கு வந்தது.

யாரோ பிளக்கைச் சொருகியிருந்தார்கள். கேட் அவன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தது. திரும்புவதற்குள் சாத்திக்கொண்டது. ரிமோட் மேசைமேல்.

“வந்தாச்சா, வந்தாச்சா. தே ஓ கலக்கட்டா?”

“யோகேஸ்!” மழை அதை விழுங்கியது. போனில் ஹால் கேமராவைத் திறந்தான். அவன் நாற்காலி. கேமராவுக்கு முதுகு காட்டி ஒருவன். மடியில் ஹெல்மெட். அதிலிருந்து சொட்டியது. தலையைச் சுற்றிப் பச்சைக் கட்டம், அதன் மேல் பெயர்.

தீபன்.

யோகேஸ்வரி வந்தாள். துண்டை அவன் தலையில் போட்டுத் துவட்டினாள். கிளாஸைக் கையில் கொடுத்தாள். உற்றுப் பார்த்துச் சிரித்தாள்.

வெளியே நின்றவன் அவளுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்து உலுக்கினான். அவள் சுவரில் கேட் கேமரா தெரியும் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அதில் அவனைப் பார்த்தாள். நனைந்த சட்டை. ஒட்டிய முடி. அவளுடைய புருவம் சுருங்கியது.

“யாரோ தெரியாத ஆளு, கேட்ட ஆட்டிக்கிட்டு நிக்கிறாரு. போய்ப் பாருங்களேன் தீபன்.”

நாற்காலியில் இருந்தவன் எழுந்தான். அவசரமில்லை. கேமரா பக்கம் திரும்பினான்.

தீபனின் மீசை. தீபனின் தாடைத் தழும்பு. அதற்கு மேல், மூக்கிலிருந்து நெற்றிவரை, சிவகணேசன். கன்னத்தில் தார்ச் சாலையின் கறுப்புப் பொடி. நன்றாகச் சேர்ந்திருந்தது. சேர்த்த இடமே தெரியவில்லை.

ஜன்னலுக்கு வந்தான். திரையை விலக்கினான். தே ஓவை ஊதி ஊதி ஒரு வாய் குடித்தான். வெளியே நின்றவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தான், விலை படியாத ஆளைப் பார்க்கும் அந்தப் பார்வை.

பிறகு திரும்பி, ஜன்னல் திரையை இழுத்து மூடினான்.